கைவிலங்குப் படம் போட்ட சட்டை

நெஞ்சில் கைவிலங்கும் கைதி எண்ணும் அச்சடித்த டீ-ஷர்ட்டை இப்போது தங்கச்சிமடம், பாம்பன் பையன்களும் போடுகிறார்கள். பையன்கள் மேல் கோபமில்லை. கடையில் தொங்குகிறது, வாங்குகிறார்கள். ஆனால் மீன்பிடிக்கப் போன ஆள் இலங்கைச் சிறையில் இருக்கிற வீட்டைத் தாண்டி அந்தச் சட்டை போகும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

கோடு போட்ட கைதி உடை 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஆபர்ன் சிறையில் வந்தது. தப்பினால் அடையாளம் தெரியவேண்டும், உள்ளே இருக்கும்வரை கூனிக்குறுக வேண்டும். அதற்கென்றே தைத்த துணி அது.

சிறைக்குள் ஒலித்த பாட்டு அப்படியில்லை. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1968இல் ஃபோல்சம் சிறைக்குள்ளேயே போய், கைதிகள் முன்னால் பாடிப் பதிவு செய்தார். அவர்களுடைய ஆரவாரமும் அந்த இசைத்தட்டில் இருக்கிறது.

அப்புறம் ஓவியர் வான்கோ. 1890இல் மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, குஸ்தாவ் டோரே என்ற பிரெஞ்சு ஓவியரின் படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம். உயர்ந்த சுவர்களுக்குள் கைதிகள் வட்டமாக நடக்கிறார்கள். வானமே தெரியாது. தொப்பியில்லாத ஒருவர் மட்டும் நம் பக்கம் முகம் திருப்பியிருப்பார். சுவரின் மேலே சின்னதாக இரண்டு வண்ணத்துப்பூச்சிகள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நம் கரையில் வரையத் தெரிந்த தம்பி தங்கைகள் நிறையப் பேர் உண்டு. கம்பிக்குப் பின்னால் நிற்கும் முகத்தை எல்லோரும் வரைந்துவிட்டார்கள். நீங்கள் இந்தப் பக்கத்தை வரையுங்கள்: மளிகைக்கடையில் தவணை கேட்கும் அக்கா, பிடிபட்ட விசைப்படகின் கடன் புத்தகம், விடுதலைப் பட்டியலில் பெயர் தேடும் விரல். வரைந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே பகிர்கிறேன்.