பேரரசரின் கையைப் பிடித்தவர்

தென் பிரான்சிலுள்ள கோன்க் ஊருக்குப் பயணிகளை அழைத்துச் செல்லத் தொடங்கிய காலத்தில் என்னிடம் மனப்பாடமான ஒரு பேச்சு இருந்தது. புனித ஃபுவா ஆலயத்தின் மேற்கு வாசலில் குழுவை நிறுத்தி, கதவுக்கு மேலிருக்கும் அரைவட்டச் சிற்பத்தைக் காட்டுவேன். "பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் கடவுள் எல்லோருக்கும் தரும் தீர்ப்பு. எழுத்தறியாத மக்களுக்குக் கல்லில் சொன்ன ஞானோபதேசம். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, 124 உருவங்கள், ஒரு பக்கம் மோட்சம், மறுபக்கம் நரகம்." பத்து நிமிடம். பிறகு சாப்பாடு.

ஒருமுறை குழுவில் ஓய்வுபெற்ற நொத்தேர், அதாவது பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரி, அம்மையார் ஒருவர் வந்திருந்தார். ஆயுள் முழுவதும் சொத்துப் பத்திரங்களோடு மல்லுக்கட்டியவர். மோட்சத்தின் பக்கம் ஊர்வலமாக வருகிறவர்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்த ராஜாவுக்குப் பின்னால் வருகிறவர்கள் என்ன சுமந்து வருகிறார்கள்?" என்று கேட்டார்.

"காணிக்கை" என்றேன்.

"காணிக்கையா? கட்சிக்காரர் அத்தாட்சியோடு வந்திருக்கிறார் ஐயா!"

அன்று இரவு விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ராஜா சார்லமேன் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. உலகையே நடுங்கவைத்த பேரரசர் இங்கே கூனிக் குறுகித் தயங்கி நிற்கிறார். மடாதிபதி ஒருவர் அவர் கையைப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை இழுத்துப்போவதுபோல் கிறிஸ்துவிடம் கூட்டிப்போகிறார். இத்தனை ஆண்டுகளாக நான் ராஜாவைக் காட்டினேனே தவிர, அந்தக் கையைக் காட்டியதே இல்லை.

இந்த ஆலயத்துக்குரிய கோன்க் மடத்துக்கு 819இல் சாசனம் கொடுத்தவர் சார்லமேனின் மகன் லூயி. ஆனால் மகன் பெயரைவிடத் தகப்பன் பெயருக்கு மதிப்பு அதிகம். அண்டையிலிருந்த ஃபிஜாக் மடத்தோடு நெடுங்கால வழக்கு. நிலத்தைப் பிடுங்கக் காத்திருக்கும் பிரபுக்கள். இந்த நிலையில் துறவிகள் தகப்பனையே தங்கள் புரவலராக வாசலில் ஏற்றிவிட்டார்கள். அதோடு விடவில்லை. மடத்துக்குக் கொடுத்ததால்தான், மடம் கைப்பிடித்து அழைத்துப்போவதால்தான் அவருக்கே மோட்சம். அந்த வாசலில் நுழையும் எந்தச் சிற்றரசனுக்கும் இது விளங்கியிருக்கும். அவனுக்கும் எழுத்து தெரியாதுதான்.

நரகத்தின் பக்கத்தையும் அதன்பிறகு வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். குதிரையோடு தலைகுப்புற விழுகிறான் ஒரு வீரன். அகங்காரத்தின் உருவம் என்று எல்லாக் கையேடும் சொல்லும். ஆனால் புனித ஃபுவாவின் அற்புதங்களைத் தொகுத்த 11ஆம் நூற்றாண்டு நூலில், மடத்தோடு மோதிய வீரர்கள் இப்படித்தான் சாகிறார்கள். இன்னொரு மூலையில் திருட்டு வேட்டைக்காரனை முயல் சூலத்தில் கோத்து வாட்டுகிறது. குழந்தைகள் சிரிப்பார்கள். காடு யாருடையது என்று கேட்டால் பெரியவர்கள் சிரிப்பை நிறுத்துவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபுவா மண்டியிட்டிருக்கும் இடம். அவள் பின்னால் வளைவுகளில் கைவிலங்குகள் தொங்குகின்றன. அவளிடம் வேண்டி விடுதலை பெற்றவர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. எந்தக் கோட்டைச் சிறையும் அவளுக்குப் பூட்டில்லை என்று சொல்வதும் ஒரு வகை அதிகாரம்தானே? ஆனால் இதைக் கணக்குப் பார்த்துச் செதுக்கியதாக மட்டும் என்னால் நினைக்க முடிவதில்லை. அந்த விலங்குகளைச் சுமந்துகொண்டு மலையேறி வந்தவன் ஒருவன் இருந்திருப்பான்.

இப்போது நாற்பது நிமிடம் ஆகிறது. உணவகத்தில் சூப் ஆறிவிடுகிறது என்று புகார்.

சிக்கல் நரகத்தில் வலைக்குள் மாட்டியிருக்கும் மேற்றிராணியார்தான் (ஆயர்). மடத்துச் சொத்தைத் தின்ற பழைய தலைவர்கள் மீதான கோபம் என்று ஆய்வாளர் சிலர் சொல்வார்கள். சென்ற கோடையில் தேவாலயப் பங்குக் குழு ஒன்றை அழைத்துவந்த சாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த வலையை மட்டும் விட்டுவிடுங்களேன்" என்றார், சிரித்துக்கொண்டேதான். சரி என்று விட்டுவிட்டேன். பேசி முடித்ததும் பின்வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் குடையை உயர்த்தி நேராக அங்கேயே நீட்டினார். "அதோ, மீன்போல மாட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர் யார்?"

நான் சாமியாரைப் பார்த்தேன். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.