கொடிவேரியில் ஒரு மார்கழிப் பகல்

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கும் என் அத்தை மகன், மார்கழி லீவுக்குக் குடும்பத்தோடு ஈரோடு வந்திருந்தார். ஊட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டேன். "ஊட்டி வேண்டாம் மாப்ளே, கொடிவேரிக்குப் போலாம். பசங்க அதைப் பார்க்கோணும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி என்று சத்தி ரோட்டில் போனோம். கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை வாங்கினோம். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவது இந்த ஊர்ச் சர்க்கரைதான். கோபி தாண்டி வயலும் வாழையுமாகக் கொஞ்ச தூரம் போனதும் கொடிவேரி அணை வந்துவிடும்.

அணை என்றதும் இதே ஆற்றில் மேலே இருக்கும் பெரிய பவானிசாகர் அணையை நினைத்துக்கொண்டு வரக்கூடாது. பவானி ஆற்றுக்குக் குறுக்கே நீளமாக ஒரு கல் தடுப்பு, அவ்வளவுதான். தண்ணீர் அதன்மேல் வழிந்து விழும். விழுகிற இடத்தில் முதுகைக் காட்டி நின்றால் வாரம் முழுக்க வேலை பார்த்த அலுப்பு போய்விடும். 1125இல் கொங்காள்வான் கட்டியது என்பது இங்கே சொல்லும் கணக்கு. பாறைகளை இரும்புக் கம்பியால் கோத்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி இணைத்தார்கள் என்கிறார்கள். இங்கிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 24,500 ஏக்கருக்குப் பாய்கின்றன. நாம் குளிக்கிற இடம் என்று நினைப்பது, கோபிக்காரர்களுக்குச் சோறு போடுகிற இடம்.

குளித்துவிட்டு ஈரத்துணியோடு மீன் கடைக்குப் போனோம். மசாலா தடவிய மீனை எண்ணெயில் போட்டதுமே பசங்க இருவரும் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்கள். "சூடா இருக்குது கண்ணு, ஊதித் தின்னுங்க" என்று கடைக்கார அக்கா இலையில் வைத்துக் கொடுத்தார். கொண்டுபோன கட்டுச்சோறோடு அதைச் சாப்பிட்டதுதான் அன்றைய விருந்து.

வியாபாரம் எப்படி என்று கேட்டேன். "தண்ணிதானுங்க எங்களுக்கு எல்லாம். பவானிசாகர்ல நெறையத் தொறந்துட்டா குளிக்க விட மாட்டாங்க. தண்ணி இல்லீன்னா ஆளே வராது. ரெண்டுக்கும் நடுவுல வந்தாத்தானுங்க அடுப்பு எரியும்" என்றார். ஆடி 18க்கும் பொங்கலுக்கும் கூட்டம் நெரியும், அந்த வருமானத்தை வைத்துத்தான் மற்ற நாட்களை ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க ஊருப் பக்கமும் இதே கதைதான். அங்க பனி" என்றார்.

ஈஸ்ட் கொரிந்த் என்ற சின்ன ஊரில் நார்த்ஈஸ்ட் ஸ்லோப்ஸ் என்று ஒரு பனிச்சறுக்கு மேடு இருக்கிறதாம். 1936 முதல் நடக்கிறது. நடத்துவது ஊர்க்காரர்கள்தான், சம்பளம் வாங்காமல். ஓடிக்கொண்டே இருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மேட்டின் உச்சிக்கு இழுத்துப் போய்விடும். அப்புறம் சறுக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பெரிய சறுக்கு மலைகளில் மெஷின் வைத்துப் பனி தூவுகிறார்கள். இங்கே வானத்திலிருந்து விழுந்தால்தான் உண்டு. விழாவிட்டால் கயிறு சும்மா கிடக்கும். அதே மாநிலத்தில் மேட் ரிவர் க்ளென் என்ற மலையை 1995இல் அங்கே சறுக்க வருகிறவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிக்கொண்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

எனக்கு அது ரொம்பப் பிடித்தது. கொடிவேரியில் பெரிய ரிசார்ட் கட்டினால் நன்றாக இருக்கும் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்குச் சம்மதம் இல்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிற குடும்பம் அதற்கப்புறம் எங்கே போகும்? அந்த அக்காவின் அடுப்பு எங்கே இருக்கும்? இப்போதைக்கு வேண்டியது துணி மாற்ற நல்ல அறைகளும், கரையில் உடைந்த பாட்டில் கிடக்காத ஆறும்தான். பாறைக்கு நடுவே மச்சானின் சின்னப் பையன் கால் வைக்கப் போன இடத்தில் கண்ணாடிச் சில்லு கிடந்தது. நான் பொறுக்கினேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெரியவரும் எதுவும் பேசாமல் கூடப் பொறுக்கினார். போகிறவர்கள் மது பாட்டிலோடு போகாதீர்கள். தடுப்பைத் தாண்டி ஆழத்துக்கும் இறங்காதீர்கள். அந்தத் தண்ணீர் உயிர்களை எடுத்திருக்கிறது.

கிளம்பும்போது வீட்டில் இருக்கும் அம்மிச்சிக்கென்று நாலு துண்டு மீன் பொட்டலம் கட்டச் சொன்னோம். அக்கா ஐந்தாகக் கட்டினார்.

திரும்புகிற வழியில் தடப்பள்ளி வாய்க்கால் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டினேன். உள்ளூர்ப் பசங்க நாலைந்து பேர் பாலத்துச் சுவரிலிருந்து குதித்து நீந்திக்கொண்டிருந்தார்கள். "மாமா, ஒரே ஒரு வாட்டி" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. ஈரத்துணி இன்னும் காயவில்லை. சரி என்று ஓரமாக நிறுத்தினேன்.