கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்

மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ரிடையர் ஆனவன் நான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா புயல் கரையேறினபோது எங்களுக்குத் தென்னையும் போச்சு, கரண்ட் கம்பமும் போச்சு. மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி காய்ந்து கிடந்த நாட்களில், தனியாக இருந்த பெரியவர்களுக்குத் தண்ணீர் சுமக்க நாலைந்து பையன்கள் இறங்கினார்கள். கரண்ட் வந்த பிறகும் அவர்கள் அந்த வீடுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் கூட்டம். பெயர் கிடையாது, பேனர் கிடையாது. ரிடையரான நர்சம்மா ஒருவர், ஆட்டோ ஓட்டும் தம்பி, டூவீலர் மெக்கானிக், காலேஜ் பிள்ளைகள் சிலர், நான்.

அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள் திருப்பூரில், சிங்கப்பூரில். "எங்கூட வந்துடும்மா" என்று கூப்பிடாமல் இல்லை. இவர்கள்தான் போகமாட்டார்கள். மாடு இருக்கும், இல்லாவிட்டால் கொல்லையில் நாலு வாழை இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் சொந்த வீடு இருக்கிறதே.

சுகர், பிரஷர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, 2021லிருந்து வீட்டுக்கே வருகிறது. எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்று பிரித்துக் கொடுப்பது நர்சம்மா வேலை. வயதானவர்களுக்கு ரேஷனும் 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் வாசலுக்கு வருகிறது. நவம்பரில் சென்ட்ரல் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று. ஆயுசு பூரா வேலை செய்து தேய்ந்த கையில் ரேகை விழாது; மெஷின் திரும்பத் திரும்ப "இல்லை" என்னும். இப்போது போனில் முகத்தைக் காட்டியே பதிவு செய்துவிடலாம் என்பதால் காலேஜ் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வெளிச்ச டிபார்ட்மென்ட்.

வடக்குத்தெரு அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. நாட்டு ஓட்டு வீடு. சுவிட்ச் போர்டு மொத்தமும் வாசக்கதவை ஒட்டி இருக்கும். அந்தக் காலத்து வயரிங்கே அப்படித்தான், மீட்டர் பக்கத்திலேயே போர்டை வைத்தால் வயர் மிச்சம். அத்தையின் கட்டிலோ கூடத்தின் அந்தக் கடைசியில். கக்கூஸ் கொல்லையில். கட்டிலிலிருந்து பின்கட்டு நிலைப்படி வரைக்கும், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, சுவரில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. ராத்திரியில் கையால் தடவிக்கொண்டே நடந்து ஏறின எண்ணெய்ப் பிசுக்கு. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் ஆடிக்குள் திரும்ப வந்துவிடுமாம். கோடு நிலைப்படியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டு படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"ஏன் அத்தை, லைட்டப் போட்டுக்கிட்டுப் போகக் கூடாதா?"

"லைட்டப் போட வாசலுக்குப் போவணும். அப்பறம் கொல்லைக்கு ஓடணும். அதுக்குள்ள ஆயிடும்டா தம்பி," என்று சிரித்தார். "மீட்டரு வேற ஏறும்."

முதல் பிரச்சினைக்கு டூ-வே சுவிட்ச் போதும். மாடிப்படியில் கீழே போட்டு மேலே அணைக்கிறோமே, அதே வேலைதான். வாசலில் ஒன்று, கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒன்று. பின்படி ஓரத்தில் மெக்கானிக் தம்பி ஜிஐ பைப்பில் ஒரு கைப்பிடி பதித்தார். சாமான் செலவு வீட்டுக்காரருடையது, கூலி கிடையாது.

இரண்டாவதுதான் பெரிய வழக்கு. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று வந்ததிலிருந்து பெரியவர்களுக்கு அது ஒரு கோடு. தாண்டக் கூடாது. 9 வாட்ஸ் எல்இடி பல்பு ராத்திரிக்குப் பத்து மணி நேரம் எரிந்தாலும் அறுபது நாளைக்கு ஐந்தரை யூனிட்கூட வராது. அதற்குப் பயந்து இருட்டில் நடக்கிறவர்கள், பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பை மட்டும் தைரியமாக எரியவிடுவார்கள். அது பேருக்குத்தான் ஜீரோ, உண்மையில் 15 வாட்ஸ் இழுக்கும். கணக்கை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். மீட்டர் முன்னால் நிற்கவைத்துக் காட்டணும்.

கொல்லை விளக்கைக் கதவுக்கு நேர் மேலே மாட்ட நான் விடுவதில்லை. மழைக்காலத்தில் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் யார் வருவார் என்று வயக்காட்டு ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தடி தள்ளி ஒரு குச்சியில் மாட்டி, வெளிச்சம் படியில் விழுகிற மாதிரி திருப்பிவிடுவேன். வெள்ளை பல்பைவிட மஞ்சளுக்குப் பூச்சி கம்மி. ஈரம் ஊறின சுவர் இருக்கிற வீட்டில் கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் நான் வேறு வேலை தொடங்குவதே இல்லை.

சிங்கப்பூர் மகன் ஒருவர் அப்பாவுக்காக நாலு கேமரா மாட்டிக் கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை, பாசம்தான். ஆனால் குளிக்கிற இடத்தில் சிமெண்ட் தரை பாசி பிடித்து வழுக்குவது எந்தக் கேமராவில் தெரியும்?

எங்களுக்குள் சில கண்டிப்புகள் உண்டு. ஏடிஎம் கார்டைக் கையால் தொடக் கூடாது. முதல் தடவை ஒரு வீட்டுக்கு இரண்டு பேராகத்தான் போகணும். அவர்களால் முடிகிற வேலையைப் பிடுங்கிச் செய்யக் கூடாது. பையன்களுக்கு இதுதான் கஷ்டம். கிழவி குடத்தைத் தூக்கினால் ஓடிப்போய் வாங்குவார்கள். நர்சம்மா அதட்டுவார்: "அரைக்குடந்தானே, விடுடா. நீ நாளைக்கும் வருவியா?" ஒவ்வொரு வீட்டு மெயின் பெட்டியிலும் முதியோர் உதவி எண் 14567 பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரைதான் அது. அதற்கு மேல் ஆட்டோ தம்பி நம்பர்.

எல்லோரும் சரி என்றுவிடுவதில்லை. ரிடையரான தலைமையாசிரியர் ஒருவர் கட்டிலருகே சுவிட்ச் கூடவே கூடாதென்றார். "அங்க வெச்சா நான் படுத்த படுக்கைன்னு ஊர்ல பேசுவான்." சாய்வு நாற்காலி பக்கத்தில் வைத்தோம். அவர் தூங்குவதே அதில்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தெற்குத்தெரு கொல்லை விளக்குகள் பாக்கி. எனக்கு முட்டி வலி, ஏணி ஏற முடியவில்லை. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் யாராவது ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால் வாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும், மெயினை நான் ஆஃப் பண்ணித் தருகிறேன்.