முதல் மிதியில் இறங்கி இரண்டாவது மிதியில் பிடிக்கும் பிரேக்

எங்கள் சைடு-பை-சைடு வண்டியில் (இருவர் அருகருகே உட்கார்ந்து கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாத நிலை கொஞ்ச காலம் இருந்தது. கிளம்பும்போது பெடல் உயரத்திலேயே கெட்டியாக நிற்கும். கல்லும் பள்ளமுமான பாதையில் கொஞ்ச தூரம் குலுங்கிப் போனபின் மிதித்தால் பாதிக்கு மேல் இறங்கிவிடும். உடனே இன்னொரு தடவை மிதித்தால் பழையபடி கெட்டி. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு, இரண்டாவது மிதியில் பிடித்துவிடும் என்று நம்பி இறக்கத்தில் இறங்க முடியாது. காரணம் தெரியும்வரை சரிவுப் பக்கமே போவதில்லை என்று நிறுத்திவிட்டோம்.

பெடல் இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லைனில், அதாவது பிரேக் ஆயில் ஓடும் குழாயில், காற்று. அதில்தான் தொடங்கினோம். ஆயில் பழுப்பாகியிருந்ததால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். டாட் 4 ரக பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155தான். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு காலிப்பரிலும் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்) குமிழி வருவது நிற்கும் வரை ஏர் எடுத்தோம். காற்றை வெளியே விடும் ப்ளீட் நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். காலிப்பரை இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும். அப்புறம் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் மேலே மாட்டிய காற்று வெளியே வராது.

முடித்தபோது பெடல் கல் மாதிரி இருந்தது. மேடு பள்ளத்தில் ஓட்டியதும் பழைய கதைதான்.

அப்போதுதான் பெடல் இறங்குவதைவிட, எப்போது இறங்குகிறது என்பதைக் கவனிக்க ஆரம்பித்தோம். காற்று இருந்தால் வண்டி நிற்கும்போதும் பெடல் மெத்து மெத்தென்றுதான் இருக்கும். மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் போயிருந்தால், மிதித்து அழுத்தியே வைத்திருக்கும்போது பெடல் மெதுவாகக் கீழே நழுவும். எங்கள் வண்டியில் நிமிடக்கணக்கில் அழுத்தி வைத்தும் இம்மி நகரவில்லை. ஹோஸ்களைத் தடவிப் பார்த்தோம்; கசிவோ வீக்கமோ இல்லை. சமதளத்தில் எவ்வளவு ஓட்டினாலும் கோளாறு வரவில்லை. குலுங்கினால் மட்டுமே வருகிறது என்றால், ஆயிலை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

மறுபடி கரடான சமவெளியில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பெடலைத் தொடாமல் வண்டியைத் தானாக உருண்டு நிற்கவிட்டோம். நண்பர் பெடல் மேல் கால் வைத்துக் காத்திருக்க, நான் டார்ச்சோடு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தேன். மூன்றில் பேடு டிஸ்க்கை ஒட்டியே இருந்தது. பின் இடது சக்கரத்தில் இடைவெளி வழியாக வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிந்தது. மெதுவாக மிதிக்கச் சொன்னேன். பேடு நகர்ந்து வந்து டிஸ்க்கைத் தொடுவது கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. முதல் மிதி முழுவதும் அந்த இடைவெளியை மூடுவதிலேயே செலவாகிவிடுகிறது. சக்கரம் ஆடும்போது டிஸ்க்கும் சேர்ந்து சாய்ந்து, பேடையும், அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடுகிறது. அடுத்த மிதிக்குள் பிஸ்டன் இடத்துக்கு வந்துவிடுவதால் பெடல் கெட்டியாகத் தெரிகிறது.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அந்தச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டக் டக்கென்று ஆட்டம். நண்பர் பிரேக்கை மிதித்துக்கொண்டபோது ஆட்டம் நின்றது. அப்படி நின்றால் கோளாறு பேரிங்கில், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் குண்டு வளையத்தில். நிற்காவிட்டால் சஸ்பென்ஷன் இணைப்புகளான பால் ஜாயிண்ட் அல்லது புஷ் பக்கம் போக வேண்டும். ஏர் எடுக்கும் முன்பே செய்யத் தகுந்த சோதனை இது. ஸ்பேனரே தேவையில்லை.

பேரிங்கைக் கழற்றி சீலை நெம்பியபோது உள்ளே கிரீஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. துருநிறத்தில் கூழ், குண்டுகளில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் குழிகள். தண்ணீரில் இறங்கும் வண்டிகளில் பேரிங் இப்படித்தான் சாகிறது. பிரஷர் வாஷரை ஹப்புக்குப் பக்கத்தில் பிடித்துக் கழுவினால் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். புதியதை ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தைத் தள்ளினால் விசை குண்டுகள் வழியாகப் போய், பேரிங் ஓடுவதற்கு முன்பே கெட்டுவிடும். ஆக்ஸில் நட்டை சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்கினோம்.

அதே சக்கரத்தில் காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்களில் சேறு காய்ந்து ஒன்று இறுகியிருந்தது. சுத்தம் செய்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் கிரீஸ் தடவினோம். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உறை ஊதிவிடும். டிஸ்க்கை டயல் கேஜ் என்ற நுண் அளவுமானியில் சுற்றிப் பார்த்ததில் கோணல் இல்லை. தடிமனும் அதில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவுக்கு மேலேதான். பேடுகள் ஒருபக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்ததால் அந்த அச்சுக்கு இரண்டு பக்கமும் புதிது மாட்டினோம்.

அதன்பின் அதே கரடுமுரடான இடத்தில் வேண்டுமென்றே குலுக்கி ஓட்டி, நின்று, டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்கு சக்கரத்திலும் வெளிச்சம் ஊடுருவவில்லை, முதல் மிதியிலேயே பெடல் நின்றது. அப்புறம்தான் சரிவில் இறக்கினோம்.