சார்ஜ் பம்ப் நாட்குறிப்பு, தண்டையார்பேட்டை

பிப்ரவரி 9

அக்கா மகன் லேப்டாப்போடு மாடிக்கு வந்தான். கூட்டாளிகள் பாடும் கானாவைப் பதிவு செய்ய மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்க ஒரு ப்ரீ-ஆம்ப். அதற்கு யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 18 ஆக்க வேண்டுமாம். எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் நான்கு படி டிக்சன் சார்ஜ் பம்ப் (கெப்பாசிட்டர்களில் மின்னேற்றி வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றும் சர்க்யூட்) வரைந்திருந்தான்: 1என்4148 டயோடு ஐந்து, 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர்கள், எதிரெதிராக அடிக்கும் இரண்டு கிளாக் (0-க்கும் 5-க்கும் மாறிமாறித் தாவும் சிக்னல்), 10 கிலோஹெர்ட்ஸ்.

"இன்னா மாமா இது, கிளாக்கே வரல, அதுக்குள்ள அஞ்சு வோல்ட்டு நிக்குது?"

நிற்கத்தான் செய்யும். எல்டிஸ்பைஸ் முதலில் டிசி நிலையை, அதாவது எதுவும் மாறாதபோது நிற்கும் வோல்ட்டுகளைக் கணக்குப் போடும். அதில் கெப்பாசிட்டர் இல்லாத மாதிரிதான். டயோடு வரிசை வழி விடும், கரண்ட் இழுக்க லோடும் இல்லை, 5 அப்படியே கடைசி முனைக்குப் போய்விடும். நேரப்போக்கில் ஓட்டச் சொல்லும் டிரான் வரியில், அந்த முதல் கணக்கைத் தவிர்க்கும் யூஐசி என்ற சொல்லைச் சேர்த்ததும் பூஜ்யத்திலிருந்து ஏறியது.

பிப்ரவரி 10

அடுத்த வில்லங்கம். உள்ளே வரும் 5, படிக்கு 5 வீதம் 20, ஆக 25; ஐந்து டயோடுக்கும் தலா 0.6 கழித்தால் 22 வரணும். திரையில் 24-ஐத் தாண்டி இன்னும் ஊர்கிறது. பையனுக்குக் குஷி. எனக்கு இல்லை. 0.6 என்பது மில்லி ஆம்ப் ஓடும்போது விழுவது. கரண்டே இழுக்காவிட்டால் டயோடு அவ்வளவு தின்னாது. 18 கிலோ ஓம் லோடு போடச் சொன்னேன். 18-க்குச் சற்றுக் கீழே உட்கார்ந்தது. இந்த பம்பின் உள் எதிர்ப்பு, படிகளின் எண்ணிக்கையை அதிர்வெண்ணாலும் கெப்பாசிட்டன்ஸாலும் வகுத்தால் வருவது: 4 கிலோ ஓம். 1 மில்லி ஆம்புக்கு 4 வோல்ட் அங்கேயே போச்சு. லோடு இல்லாத கிராஃபை யாராவது காட்டினால் நான் பார்ப்பதே இல்லை.

பிப்ரவரி 12

நிஜமாகக் கட்டிய போர்டில் 12 வோல்ட்தான். சிமுலேட்டரைத் திட்ட ஆரம்பித்தான். கிளாக் முனையில் ஸ்கோப் (அலைவடிவம் காட்டும் கருவி) வைத்தோம்: கிளாக் தருவது பழைய 555 டைமர் ஐசி, 5 வோல்ட் சப்ளையில் மூன்றரைக்கு மேல் எழவில்லை. அந்த ஐசியின் குணமே அது. படிக்கு ஒன்றரை நஷ்டம், நான்கு படிக்கு 6. சிமுலேஷனிலும் கிளாக்கை 3.5 ஆக்கினோம், அதே 12.

பிப்ரவரி 14

மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில், 555-க்குப் பதிலாகக் கிளாக் தர 74ஹெச்சி14 ஐசி வாங்கினோம். உள்ளே ஆறு இன்வர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் கேட்). ஒன்று துடிப்பை உண்டாக்கும் ஆஸிலேட்டர், அதன் பின்னால் இரண்டு இணையாக ஒரு கிளாக். இன்னொன்று தலைகீழாக்க, மீதி இரண்டு மற்ற கிளாக். மிச்சமே இல்லை. 17 சொச்சம் வந்தது, ப்ரீ-ஆம்ப் பாடுகிறது.

இப்போது எஃபெக்ட் பெட்டிக்கும் சேர்த்து 10 மில்லி ஆம்ப் கேட்கிறான். 4 கிலோ ஓமில் அது 40 வோல்ட் சரிவு; மொத்தமே 25 தான். காயிலை வைத்து வோல்ட்டை ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டருக்குப் புது ஃபைல் திறந்திருக்கிறோம்.