கோடையில் தோல்முட்டை: கால்சியம் டானிக்கை வாங்கும் முன்

நாமக்கல் பக்கம் ஏப்ரல், மே வந்தால் கூண்டுக்கடியில் தோல்முட்டை, அதாவது ஓடு கட்டாத மெத்தென்ற முட்டை, விழத் தொடங்கும். உடனே டானிக் பாட்டிலைத் தேடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது தீவனத் தொட்டியை.

ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. கோழிக்கு நாளுக்கு 4 கிராமாவது வேண்டும். ஓடு கட்டுவது பெரும்பாலும் இரவில். மாவாக அரைத்த சுண்ணாம்பு அதற்குள் குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் கிரிட் (குருணை) இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். அதனால் கால்சியத்தில் பாதிக்கு மேல் கிரிட்டாக இருக்கட்டும், மாலைத் தீவனத்தில் போடுங்கள். நல்ல கிரிட்டைக் கையில் தேய்த்தால் மாவு ஒட்டாது.

வெயிலில் கோழி வாய் திறந்து மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, கிரிட் இருந்தும் ஓடு மெலியும். டன் தீவனத்துக்கு 1 முதல் 2 கிலோ சோடா உப்பு கலந்து, சாப்பாட்டு உப்பை அதற்கேற்பக் குறையுங்கள். மாடித் தொட்டிக்கு ஈரச் சாக்கு கட்டாயம். தண்ணீர் சுட்டால் கோழி குடிக்காது, தீவனமும் எடுக்காது.

வளரும் பருவக் குஞ்சுகளுக்கு மட்டும் கால்சியம் கூடிய இந்தத் தீவனம் வேண்டாம். சிறுநீரகம் கெட்டுவிடும்.