திடப்படுத்தலுக்கும் திருமண ஓலைக்கும் இடையில்

தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றின் பதிவேட்டைப் புரட்டினால், ஒரு வாலிபரின் பெயர் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் வரும்: ஞானஸ்நானம், திடப்படுத்தல் (பேராயர் கைவைத்து ஜெபித்து, பிள்ளையைச் சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு), திருமணம். முதல் இரண்டுக்கும் நடுவே பதினைந்து வருடம் ஓடுகிறது. ஓய்வுநாள் பள்ளி, வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி, வசனப் போட்டி, கிறிஸ்மஸ் கேரல் என்று பிள்ளை கோயில் வளாகத்திலேயே வளர்கிறது. அடுத்த இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு வருடம். அந்தக் காலத்துக்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. பிள்ளைகள் கைநழுவிப் போவது அங்கேதான்.

"உலகம் இழுத்துக்கொண்டது" என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்லிவிடலாம். வாலிபர் பணியில் பல வருடம் நிற்பவர்கள் பார்ப்பது வேறு. இனிமேல் கோயிலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்து விலகுகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஒரு ஞாயிறு தூங்கிவிடுகிறார்கள், அடுத்த ஞாயிறு பரீட்சை, அதற்கடுத்த ஞாயிறு ஊர்ப் பயணம். நான்காவது ஞாயிறு வரை யாரும் கேட்கவில்லை என்றால் பழக்கம் அறுந்துவிடுகிறது. விசுவாசம் போவதற்கு முன்பே ஞாயிறு போய்விடுகிறது.

திடப்படுத்தலிலிருந்தே தொடங்க வேண்டும். பேராயர் வரும் தேதி உறுதியானதும் அவசரமாக வகுப்பு வைக்கிறோம். எட்டு, பத்து வாரத்தில் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், ஞானோபதேச வினாவிடை எல்லாம் மனப்பாடம். அன்றைக்குப் பெண் பிள்ளைகள் வெள்ளைச் சேலை, முக்காடு. பையன்கள் வெள்ளைச் சட்டை. சான்றிதழ், புகைப்படம், வீட்டில் பிரியாணி. பட்டமளிப்பு விழாவுக்கு வேண்டிய எல்லா அம்சமும் அதில் இருப்பதால் பிள்ளைகள் அதைப் பட்டமளிப்பு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். படிப்பு முடிந்தது, இனி வகுப்புக்கு வர வேண்டாம். குற்றம் அவர்களுடையது இல்லை. நாம் அட்டவணை போட்ட விதம் அப்படி.

இதற்குச் சிறிய மாற்றம் ஒன்று போதும். பத்து வகுப்பில் ஆறை முன்னாலும் நான்கைப் பின்னாலும் வையுங்கள். பேராயர் வந்துபோன அடுத்த ஞாயிறே ஏழாவது வகுப்பு. அப்பமும் ரசமும் பெறும் முதல் திருவிருந்தில் பங்குபெற்ற பிறகு, "என்ன நினைத்தாய், எது புரியவில்லை" என்று கேட்பதற்கான வகுப்பு அது. எட்டுப் பேருக்கு ஒரு குழு. பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள்.

அந்த வகுப்பில் ஒரு அட்டைப் பெட்டியும் வெள்ளைத் துண்டுச் சீட்டுகளும் இருக்கட்டும். பெயர் எழுதாமல் கேள்வி எழுதச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா கொடுக்க வேண்டும், கையெழுத்து தெரியாமலிருக்க அச்செழுத்தில் எழுதச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உண்மையான கேள்வி பெட்டிக்குள் விழாது. "யோசுவா ஊரையே அழித்தது சரியா?", "என் இந்து நண்பன் நரகத்துக்கா போவான்?", "எங்க அப்பா குடிக்கிறார், அவர் கமிட்டி மெம்பர்" — இந்த மாதிரிச் சீட்டுகள் வரும். மூன்றாவது சீட்டில் இருப்பது கேள்வியே இல்லை. ஆனாலும் அதற்குத்தான் முதலில் பதில் தேவை.

ஒரு நிமிடத்துக்குள் வசனத்தைச் சொல்லி மூடிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. "எனக்கும் இது கஷ்டமான கேள்விதான், அடுத்த வாரம் படித்துவிட்டு வருகிறேன்" என்று ஐயர் (சபையின் குருவானவர்) சொன்னால் பிள்ளைகள் அவரை அதிகமாக நம்புகிறார்கள். சொன்னபடி அடுத்த வாரம் வந்து பேசவும் வேண்டும்.

வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் ஒவ்வொருவரும் எடுக்கும், அந்த வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு "உன்னைத் தலையாக்குவேன்" என்ற பொருளில் ஒரு வசனம் கிடைக்கிறது. அம்மா அதைப் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டிவைக்கிறார். மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் நீட் தேர்வு. காலை ஆராதனையில் அவளை முன்னால் நிறுத்தி ஜெபிக்கிறார்கள். முடிவு வருகிறது, இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்தவன் சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கப்படுகிறான், இவளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அட்டை டிசம்பர் வரை சுவரிலேயே இருக்கிறது. அந்த ஏழு மாதத்தில் ஒருவராவது அந்த வீட்டுக்குப் போய் அந்த வசனம் யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியிருந்தால் அவள் கடவுளைப் பொய்யராக எண்ணியிருக்க மாட்டாள். முன்னால் நிறுத்தி ஜெபித்த ஒவ்வொரு பெயரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, முடிவு வந்த வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், தோற்ற வீட்டுக்கு முதலில்.

தமிழ் இன்னொரு தடை. இதை நம்மில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. நாம் வாசிக்கும் பழைய திருப்புதல், அதாவது வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, 1871இல் வந்தது. பெரியவர்களுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் தாலாட்டு. ஆங்கிலவழியில் படித்த பதினாறு வயதுப் பையனிடம் ஞாயிறு காலையில் வேதபாட மேசைக்குப் போகும் வழியில் "ரோமர் எட்டாம் அதிகாரம் வாசிப்பா" என்கிறோம். முதல் வசனத்திலேயே "ஆக்கினைத்தீர்ப்பு" வருகிறது. அவன் சொல்லை உடைத்துத் தடுமாறுகிறான், பாடகர் குழுவில் யாரோ சிரிக்கிறார்கள். அவன் மறுபடியும் முன்னால் வருவதில்லை. அதற்கப்புறம் கடைசி பெஞ்சு, பிறகு வாசல் வேப்பமரம், பிறகு பைக்.

வேதபாடத்தைப் புதன்கிழமையே கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை மாலை யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து இரண்டு தடவை சத்தமாக வாசிக்கவைத்து, கடினமான சொற்களுக்குப் பொருள் சொல்லித்தர வேண்டும். இருபது நிமிட வேலை. பழைய மொழியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பொருள் தெரிந்த பிறகு அதே பிள்ளைகள் அந்தத் தமிழை விரும்பி வாசிக்கிறார்கள்.

இனி ஊரைவிட்டுப் போகும் கட்டம். இழப்பு அதிகம் நேர்வது இங்கேதான். ஜூனுக்குப் பிறகு பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் கல்லூரிக்கோ வேலைக்கோ கிளம்புகிறார்கள். ஒரு ஞாயிறு ஜெபித்து அனுப்பிவைக்கிறோம், ஒரு வேதாகமம் பரிசளிக்கிறோம். அதோடு முடிகிறது. பெயர் நம் சபையிலேயே இருக்கிறது, அப்பா சந்தா கட்டுகிறார், பிள்ளை முந்நூறு மைலுக்கு அப்பால் ஒரு ஹாஸ்டலில் இருக்கிறது. பெயரை வேறு சபைக்கு மாற்றும் சபை மாறுதல் கடிதம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் ஊர்க் கல்லறையில் இடம் போய்விடுமோ, கல்யாணத்துக்குச் சிக்கலாகுமோ என்று வாங்குவதில்லை.

கடிதம் வேண்டாம், போன் போதும். பிளஸ் டூ முடிவு வந்ததும் சபையைக் கவனிக்கும் சேகர குருவோ வாலிபர் சங்கச் செயலரோ ஒரு பட்டியல் எடுக்க வேண்டும்: யார், எந்த ஊர், எந்தக் கல்லூரி அல்லது கம்பெனி, தங்குமிடம் எங்கே. அந்த ஊரில் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்து, பிள்ளையின் சம்மதத்தோடு எண்ணைக் கொடுக்க வேண்டும். குருவானவரைவிட, இரண்டு மூன்று வயது மூத்த வாலிபரோ, ஞாயிறு மதியம் ஒரு இலை கூடுதலாகப் போட மனமுள்ள குடும்பமோ நல்லது. அவர்கள் "கோயிலுக்கு வாப்பா" என்று சொன்னால் வேலை நடக்காது. "ஞாயிறு எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட்டுல நிக்கிறேன், சேர்ந்து போவோம், மத்தியானம் எங்க வீட்டுல சாப்பிடு" என்று சொல்ல வேண்டும். முதல் நான்கு ஞாயிற்றுக்குள் இது நடந்துவிட்டால் பெரும்பாலும் தங்கிவிடுகிறார்கள். கல்லூரியில் இ.யூ. என்னும் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் இருந்தால் அதில் ஒரு மூத்த மாணவரின் பெயரையும் கொடுத்தனுப்புங்கள்.

இதிலும் வேலை கெடும் வழிகள் உண்டு. எண்ணை வாங்கி நேரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவது ஒன்று. ஒரு நாளைக்கு ஐம்பது ஃபார்வர்டு வந்தால் மியூட் செய்துவிட்டு, நாம் தனியாகக் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டார்கள். கோயிலுக்கு வரவில்லை என்று ஊரில் அம்மாவுக்குப் போட்டுக்கொடுப்பது அதைவிட மோசம். அன்றோடு நம் எண் பிளாக். கிட்டார் தெரிந்த பையன் என்றதும் இரண்டாவது வாரமே இசைக்குழு, ஓய்வுநாள் பள்ளி, மேடை அலங்காரம் எல்லாவற்றையும் தலையில் ஏற்றுவதும் உண்டு. ஆறு மாதத்தில் களைத்து, காரணம் சொல்லாமல் நின்றுவிடுவான்.

நகரத்துச் சபையில் புதிதாக வரும் பிள்ளையிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "எந்த ஊரு?" அடுத்தது "அங்க எந்தத் தெரு?" அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றுவிட்டு வாசலில் சாதி விசாரிக்கிறோம். பைபிளைப் பற்றிய எந்தக் கேள்வியையும்விட இது ஆழமாகத் தைக்கிறது, குறிப்பாக அந்தக் கேள்வியால் வீட்டில் ஏற்கெனவே அடிபட்டவர்களுக்கு. வரவேற்பில் நிற்பவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: என்ன படிக்கிறீங்க, எங்க தங்கியிருக்கீங்க, சாப்பாடு எப்படி — இவை போதும்.

வேலைக்குப் போகிறவர்களின் ஞாயிறு நம் ஞாயிறு இல்லை. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு ஞாயிறுதான் கூட்டம் அதிகம். செவிலியருக்கு ரோஸ்டர். உணவு டெலிவரி செய்பவருக்கு ஞாயிறு மதியம்தான் ஊக்கத்தொகை. இவர்களைப் பின்வாங்கிப்போனவர்கள் என்று எண்ணுவது அநியாயம். வாரத்தில் ஒரு மாலை முக்கால் மணி நேர ஆராதனை வைத்தால் வருகிறார்கள். ஏழு மணிக்கு என்றால் ஏழுக்குத் தொடங்கி, ஏழே முக்காலுக்கு முடிக்க வேண்டும். எட்டு வரை இழுத்தால், ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தில் பஸ் போய்விடும்.

பேராயரின் கீழுள்ள சபைகள் எல்லாம் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் பற்றி நீட்ட வேண்டாம். அணி, துண்டறிக்கை, வழக்கு எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆண்டு முழுதும் தேடாத அண்ணன் தேர்தல் வாரத்தில் மட்டும் ஹாஸ்டலுக்கு கார் அனுப்பும்போது, தாங்கள் எதற்குத் தேவைப்படுகிறோம் என்பது அவர்களுக்குப் புரிந்துபோகிறது.

பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை சபை அலுவலகத்துக்குத் தானாகவே வருகிறது. கல்யாணம், மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். பெரிய மேசை, மறுபக்கம் சந்தா நோட்டு. "2016லருந்து பாக்கி இருக்கு தம்பி" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. பத்து வருடத்தில் சபை அவனிடம் பேசும் முதல் வாக்கியம் அது. அவன் கூகுள் பேயில் தொகையைப் போட்டுவிட்டு ரசீது வாங்கிப் போகிறான். ஓலை வாசிக்கிறார்கள், கல்யாணம் நடக்கிறது, அடுத்த பத்து வருடத்துக்கு மறுபடி ஒன்றுமில்லை.

அந்த நோட்டை அன்றைக்கு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுங்கள். கணக்கை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மூன்று ஞாயிறு என்பது மூன்று வாரம். அதற்குள் மணமக்கள் இருவரையும் ஒரு தடவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாம், எந்த ஊரில் குடியிருக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம், அந்த ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று ஒரு தாளில் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுக்கலாம்.